வைத்தியத்திலும் வேத வாக்கா?

"பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், ஆகையால் அது சரி" என்று யாராவது சொன்னால், "எந்தப் பெரியவர்? எதைக் கொண்டு சொன்னார்? பரீட்சித்துப் பார்த்தாரா?" என்று திருப்பிக் கேட்கும்படியான துணிவு நம் மக்களில் ஒரு பகுதியாருக்காவது வந்திருக்கிறது என்பதில் நாம் மகிழ்ச்சியே அடைகின்றோம். ஆனால் புரோகிதரிடம் இப்படிக் கேட்கிற அதே தோழர், வைத்தியர் எதிரில் உட்கார்ந்தவுடன் வாயை மூடிக் கொள்ளுகிறார். அவர் எழுதிக் கொடுத்த சீட்டை மந்திரத் தகடு போலக் கண்ணில் ஒற்றிக் கொண்டு வருகிறார். மற்றொரு தோழரோ, வைத்தியர் கொடுப்பதெல்லாம் விஷம் என்று எவனோ திண்ணையில் உட்கார்ந்து சொன்னதைக் கேட்டு, பிள்ளையின் சொத்தைப் பல்லைக்கூட அடைக்க விடாமல் வீட்டுக்கு இழுத்து வந்து விடுகிறார். இவ்விருவரும் ஒருவருக்கொருவர் எதிரிகள் போலக் காணப்பட்டாலும், உண்மையில் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்பதே நமது அபிப்பிராயம். ஒருவர் நம்பினார், மற்றவர் பயந்தார், பரீட்சை எங்கே என்று இருவரும் கேட்கவில்லை.

இது வெறும் வாதத்துக்காகச் சொல்லுவதல்ல. கேட்காமலிருந்ததனால் மனிதர்களுக்கு என்ன வந்தது என்பதற்கும், கேட்டதனால் என்ன கிடைத்தது என்பதற்கும் இரண்டு சங்கதிகளை எடுத்துக் கொள்ளுவோம். ஒன்று, கர்ப்பிணிகளுக்குக் காணும் உதிரப்போக்கு. மற்றொன்று, குழந்தைகளின் பல்லை அடைக்கும் பாதரசக் கலவை.

முதலில் உதிரப்போக்கைப் பற்றிப் பார்ப்போம். கர்ப்பந் தரித்த முதல் மூன்று மாதத்திற்குள் உதிரம் காணுவது என்பது அபூர்வமான காரியமல்ல. ஏறக்குறைய நாலு கர்ப்பத்தில் ஒன்றில் இது நேருகிறது. அப்படிக் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கர்ப்பம் நின்று பிள்ளை பெறுகிறார்கள். ஆரம்பத்திலேயே கலைந்து போகிற கருக்களில் பாதியளவாவது, கரு உண்டாகும்போதே குரோமோசோம் என்னும் நுண்ணிய இழைகள் ஒன்று கூடியோ குறைந்தோ அமைந்துவிட்டதனால் வளர முடியாமல் போனவைகளாகும். இதில் அந்தப் பெண் செய்த குற்றம் என்ன இருக்கிறது?

ஆனால் வீட்டில் நடப்பதென்ன? கிரகணத்தில் வெளியே வந்தாள் என்றும், அந்தி நேரத்தில் புளியமரத்தடியில் போனாள் என்றும், மாமியாரை எதிர்த்துப் பேசினாள் என்றும், போன ஜன்மத்துப் பாவம் என்றும் ஆளுக்கொரு குற்றப் பத்திரிகை வாசிக்கிறார்கள். கருவை இழந்து, இரத்தத்தையும் இழந்து படுத்திருப்பவளை மானத்தையும் இழக்கும்படி செய்கிறார்கள். பிறகு மந்திரித்த கயிறு வருகிறது, தாயத்து வருகிறது, பரிகாரச் செலவு வருகிறது. உதிரம் நின்றுவிட்டால் கயிற்றின் மகிமை. நிற்காவிட்டால் அவள் தலையெழுத்து. இலாபமெல்லாம் கயிறு கொடுத்தவனுக்கு, நஷ்டமெல்லாம் கட்டிக் கொண்டவளுக்கு என்கின்ற வியாபாரம் உலகத்தில் வேறெங்காவது உண்டா?

இதில் அடங்கியிருக்கிற தந்திரத்தை வாசகர்கள் நன்றாய்க் கவனிக்க வேண்டும். பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு உதிரம் தானாகவே நின்று விடும் என்பது இயற்கையாய் இருக்கும்போது, விபூதி கொடுத்தாலும் நிற்கும். கஷாயம் கொடுத்தாலும் நிற்கும். ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் நிற்கும். ஆகவே எதைக் கொடுத்தவனும் "என்னால்தான் நின்றது" என்று சொல்லிக் கொள்ளலாம். அவனுக்குச் சாட்சி சொல்லப் பிள்ளை பெற்ற தாய்மார்கள் ஆயிரம் பேர் பொய்யின்றி மனப்பூர்வமாய் வருவார்கள். ஆயிரம் சாட்சி வந்தும் ஒரு ருஜுவும் ஆகாத விஷயம் இது.

இந்தத் தந்திரத்தில் பாமர மக்கள் மட்டும்தான் ஏமாந்தார்கள் என்று நினைத்தால் அது தப்பு. படித்த வைத்தியர்களும் ஏமாந்தார்கள். மற்றவர்களையும் ஏமாறச் செய்தார்கள். அந்தக் கதையைச் சொல்லவே முக்கியமாய் இதை எழுதுகின்றோம்.

1938 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சார்லஸ் டாட்ஸ் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் மருந்தைச் செய்தார்கள். பெண்களின் உடலில் இயற்கையாய் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்கின்ற பொருளைப் போல் வேலை செய்யக் கூடியது அது. அதற்குத் தனியுரிமை யாரும் வாங்கவில்லையாதலால், எந்தக் கம்பெனியும் அதைச் செய்து விற்கலாம் என்று ஆயிற்று. பிறகு அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித் என்கின்ற ஆராய்ச்சித் தம்பதிகள், கர்ப்பத்திற்கு வேண்டிய ஹார்மோன் குறைவதனால்தான் கரு கலைகிறது என்றும், இம்மருந்தைக் கொடுத்தால் கரு நிற்கும் என்றும் எழுதினார்கள். தாங்கள் மருந்து கொடுத்தவர்களில் இத்தனை பேர் பிள்ளை பெற்றார்கள் என்று கணக்கும் காட்டினார்கள். மருந்து கொடுக்காமல் அதே நிலையில் இருந்தவர்களில் எத்தனை பேர் பெற்றார்கள் என்று பக்கத்தில் வைத்துச் சரியாய் ஒத்துப் பார்க்கவில்லை. தாயத்துக்காரன் கணக்குக்கும் இந்தக் கணக்குக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

1947 இல் கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்க அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து இலாகா அனுமதித்தது. லட்சக்கணக்கான பெண்கள் விழுங்கினார்கள். உதிரம் கண்டவர்களுக்கும், முன்னே கரு கலைந்தவர்களுக்கும் மட்டுமல்லாமல், கர்ப்பிணிகள் எல்லோருக்குமே கொடுக்கலாம் என்று விளம்பரமும் வந்தது.

அப்பொழுதுதான் சிக்காகோ பல்கலைக் கழகத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் டாக்டர் டீக்மன் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் செய்ய வேண்டிய காரியத்தைச் செய்தார்கள். அங்கு வந்த ஏறக்குறைய 1,600 கர்ப்பிணிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பாதியாருக்கு இந்த மருந்தையும், மறு பாதியாருக்குப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் மருந்தில்லாத மாத்திரையையும் கொடுத்தார்கள். 1953 இல் முடிவை வெளியிட்டார்கள். கரு கலைவது குறையவில்லை. குறைமாதப் பிரசவமும் குறையவில்லை. மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மருந்து சாப்பிட்டவர்கள் ஒரு நன்மையும் அடையவில்லை. 1978 இல் வேறு சிலர் அதே கணக்குகளை மறுபடியும் ஆராய்ந்தபோது, மருந்து நன்மை செய்யாதது மட்டுமல்ல, கெடுதலும் செய்திருக்கிறது என்று கண்டார்கள்.

1953 இலேயே உண்மை அச்சிலே வந்துவிட்டது. அத்துடன் அந்த மருந்து கர்ப்பிணிகளை விட்டு ஒழிந்திருக்க வேண்டாமா? ஒழியவில்லை. இன்னும் 18 வருஷ காலம் வைத்தியர்கள் எழுதிக் கொடுத்துக் கொண்டே வந்தார்கள். ஏன்? "என் அனுபவத்தில் நிற்கிறதே" என்றார்கள். "எல்லோரும் கொடுக்கிறார்களே" என்றார்கள். கோவிலுக்குப் போகிறவன் சொல்லும் சமாதானமும் இதுதானே!

1971 ஆம் வருஷம் ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து ஒரு சேதி வந்தது. 15 வயது முதல் 22 வயதுக்குட்பட்ட எட்டு இளம் பெண்களுக்குப் பிறப்புறுப்பின் உட்பாதையில், அந்த வயதில் யாரும் கேள்விப்பட்டிராத ஒருவகைப் புற்றுநோய் கண்டிருந்தது. ஹெர்ப்ஸ்ட் என்னும் டாக்டரும் அவருடைய தோழர்களும் காரணத்தைத் தேடினார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் நாலு பேர் வீதம் நோயில்லாத 32 பெண்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோய் கண்ட எட்டுப் பேரில் ஏழு பேருடைய தாய்மார்கள் அவர்களைச் சுமந்திருந்த காலத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் சாப்பிட்டிருந்தார்கள். நோயில்லாத 32 பேருடைய தாய்மார்களில் ஒருவர்கூடச் சாப்பிடவில்லை. அவ்வருஷம் நவம்பரில், கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசாங்கம் எச்சரித்தது. அம்மருந்தை வயிற்றிலிருக்கும்போதே அடைந்த பெண்களில் இந்தப் புற்றுநோய் வருவது ஆயிரத்தில் ஒருவருக்கு என்பது பிற்காலத்துக் கணக்கு. ஆனால் கருப்பை கோணலாய் அமைந்து, பிள்ளைப் பேற்றில் கஷ்டப்பட்டவர்கள் அவர்களைவிட மிக அதிகம்.

கருவைக் காப்பாற்றுவதாய்ச் சொல்லிக் கொடுத்த மருந்து, அந்தக் கரு பெண்ணாய்ப் பிறந்து வளர்ந்து தன் கருவைச் சுமக்க வேண்டிய காலத்தில் அவளைப் பிடித்துக் கொண்டது. தாயாருக்கு அதனால் கிடைத்ததோ, முன்பே பரீட்சையில் கண்டபடி, ஒன்றுமில்லை.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. "நான் கர்ப்பமாய் இருந்தபோது சாப்பிட்ட அந்த மாத்திரை இதற்குக் காரணமாய் இருக்குமோ?" என்கின்ற சந்தேகத்தை வைத்தியர்களிடம் முதலில் எழுப்பியது நோய் கண்ட ஒரு பெண்ணின் தாயார்தான். பட்டம் பெற்றவர்கள் 18 வருஷம் கேளாத கேள்வியை ஒரு தாய் கேட்டார். கேள்வி கேட்கும் உரிமைக்குப் பட்டம் வேண்டுமென்று சொல்லுகிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுவார்கள்?

சிக்காகோ பரீட்சையையும் நாம் கண்ணை மூடிக் கொண்டு புகழ்ந்துவிடப் போவதில்லை. அதிலே சேர்க்கப்பட்ட பெண்களுக்குத் தாங்கள் ஒரு பரீட்சையில் இருப்பதாகவோ, விழுங்குவது இன்ன மருந்து என்பதாகவோ தெரிவிக்கப்படவில்லை. பல வருஷங்களுக்குப் பின் அறிந்து, அவர்களில் சிலர் பல்கலைக் கழகத்தின் மேல் வழக்குத் தொடுத்தார்கள். பரீட்சை வேண்டும் என்று நாம் சொல்லுவதற்கு, மனிதரை ஆடு மாடுகளைப் போல் நடத்தலாம் என்பது அர்த்தமல்ல. எவள் உடலில் பரீட்சை நடக்கிறதோ அவளிடம் முதலில் விஷயத்தைச் சொல்லி, அவள் சம்மதம் பெற வேண்டும். அறிவுக்காக மானத்தைப் பறிப்பதும் அக்கிரமமே.

இதைப் படித்தவுடன் வைதீகர் ஒருவர் துள்ளிக் குதித்து, "பார்த்தீர்களா உங்கள் விஞ்ஞானத்தின் யோக்கியதையை! இதற்குத்தான் எங்கள் சாஸ்திரப்படி நடக்க வேண்டும் என்கிறோம்" என்று சொல்ல வரலாம். அவரை ஒன்று கேட்கின்றோம். அந்த மருந்து பயனற்றது என்று கண்டுபிடித்தது யார்? கெடுதல் என்று கண்டுபிடித்தது யார்? சாஸ்திரமா? ஜாதகமா? எந்தத் தெய்வமாவது கனவிலே வந்து சொல்லிற்றா? பரீட்சையும் கணக்கும்தான் கண்டுபிடித்தன. பரீட்சையைக் கைவிட்டதுதான் தப்பே தவிர, பரீட்சை செய்ததில் தப்பில்லை. உங்கள் கயிற்றை எத்தனை பேருக்குக் கட்டி, எத்தனை பேருக்குக் கட்டாமல் விட்டு ஒத்துப் பார்த்தீர்கள்? தப்பு என்று கண்டு நீங்களாகவே கைவிட்ட பரிகாரம் ஒன்றே ஒன்றைக் காட்ட முடியுமா?

நேர்மையாய்ச் செய்த பரீட்சை எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. புரோஜெஸ்ட்டிரோன் என்பது கர்ப்பத்தை நிலைநிறுத்த உடலிலேயே ஊறும் வேறொரு பொருள். இதைக் கொடுத்தால் உதிரம் கண்ட கர்ப்பம் நிற்குமா என்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக் கழகத்தார் தலைமையில் 48 ஆஸ்பத்திரிகளில் 4,153 பெண்களிடம், அவர்கள் சம்மதத்தின் பேரில், சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது போல் பிரித்துப் பரீட்சை நடந்தது. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்பது பெண்களுக்கும் தெரியாது, வைத்தியர்களுக்கும் தெரியாது. 2019 இல் முடிவு வந்தது. மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 75 பேரும், பெறாதவர்களில் 72 பேரும் பிள்ளை பெற்றார்கள். இந்த 3 பேர் வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று அவர்களே எழுதி விட்டார்கள். ஆனால் முன்னே மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடவை கரு கலைந்து, இப்போதும் உதிரம் கண்டவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களில் 72 பேர், பெறாதவர்களில் 57 பேர் என்று கண்டது. முன்னே கரு கலையாதவர்களுக்கு ஒரு பிரயோஜனமும் காணவில்லை. இதைக் கொண்டு, முன்னே ஒரு தடவையாவது கரு கலைந்து, இப்போது உதிரமும் கண்டவர்களுக்குக் கொடுக்கலாம் என்று 2021 இல் இங்கிலாந்தில் விதி ஏற்பட்டது.

இந்தப் பேச்சின் தன்மையைப் பாருங்கள். "சர்வரோக நிவாரணி" என்கின்ற முழக்கம் இல்லை. இன்னாருக்கு இவ்வளவு உண்டு, இன்னாருக்கு இல்லை என்கின்ற அடக்கம் இருக்கிறது. பித்தலாட்டக்காரன் ஒருநாளும் "இன்னாருக்கு என் மருந்து பலிக்காது" என்று சொல்ல மாட்டான்.

இனிப் பல்லைப் பற்றிப் பார்ப்போம். கருவின் விஷயத்தில் பரீட்சையில்லாத நம்பிக்கை கெடுத்தது என்றால், பல்லின் விஷயத்தில் பரீட்சையில்லாத பயம் கெடுக்கிறது.

நம் நாட்டில் சொத்தைப் பல்லுக்குப் பூச்சிப் பல் என்றே பெயர். கண்டங்கத்தரி விதையைப் புகைத்துப் புழுவை எடுக்கிறோம் என்று காசு வாங்கினவர்களும் உண்டு. பல்லில் புழு கிடையாது. தின்ற சர்க்கரையை வாயிலுள்ள கிருமிகள் புளிப்பாக்க, அந்தப் புளிப்பு பல்லை அரிக்கிறது. அரித்த குழியைச் சுத்தம் செய்து அடைக்க வேண்டும். அப்படி அடைப்பதற்கு ஏறக்குறைய இரு நூறு வருஷமாய் வழங்கியது, பாதி பாதரசமும் மீதி வெள்ளி, தகரம், செம்பு முதலியவையும் சேர்ந்த கலவையாகும்.

பாதரசம் விஷமாயிற்றே என்று அன்றைக்கே சண்டை வந்தது. 1840களில் அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் ஒன்று, இக்கலவையைத் தொடமாட்டோம் என்று தன் அங்கத்தினர்களிடம் உறுதிமொழி வாங்கிற்று. அந்தச் சண்டையிலேயே அங்கத்தினர்கள் பிரிந்து, 1856 இல் சங்கமே கலைந்து போயிற்று. அதற்குப் பிறகும் நூற்றைம்பது வருஷம் ஒரு கட்சியார் "விஷம்" என்றும், மற்றொரு கட்சியார் "நாங்கள் எவ்வளவோ காலமாய் அடைத்து வருகிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்றும் கூச்சலிட்டுக் கொண்டிருந்தார்களே தவிர, குழந்தைகளைப் பிரித்து வைத்துச் சரியாய்ப் பார்த்தவர்கள் இல்லை.

1956 இல் ஜப்பானில் மினமாட்டா ஊரில் ஒரு பயங்கரமான வியாதி வெளிப்பட்டது. ஒரு தொழிற்சாலை கடலில் விட்ட கழிவிலிருந்த பாதரசம் மீனில் சேர்ந்து, மீனைத் தின்றவர்களின் நரம்பையும் மூளையையும் கெடுத்தது. தாயின் வயிற்றிலிருந்த சிசுக்களும் தப்பவில்லை. அது முதல் பல்லடைப்பைப் பற்றிய பயமும் வளர்ந்தது. பயத்துக்குக் காரணம் உண்டு என்பதை நாம் ஒப்புக் கொள்ளுகின்றோம். ஆனால் மினமாட்டா மீனிலிருந்தது மெத்தில் பாதரசம். பல்லில் இருப்பது வேறு உலோகங்களோடு கட்டுண்ட பாதரசம். இரண்டும் ஒரே அளவு கெடுக்குமா என்பது பயந்து முடிவு செய்கிற காரியமல்ல, பார்த்து முடிவு செய்கிற காரியம்.

கடைசியாய்ப் பார்த்தார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்திலும் மெய்ன் மாகாணத்திலும் 6 முதல் 10 வயதுள்ள 534 குழந்தைகளையும், போர்ச்சுகலில் லிஸ்பன் நகரத்தில் 8 முதல் 10 வயதுள்ள 507 குழந்தைகளையும் சேர்த்து, ஒரு பாதிக்குப் பாதரசக் கலவையும் மறு பாதிக்கு வெள்ளைப் பிசின் கலவையும் வைத்து அடைத்தார்கள். முதல் கூட்டத்தை ஐந்து வருஷமும், இரண்டாவது கூட்டத்தை ஏழு வருஷமும் கவனித்தார்கள். 2006 இல் இரண்டு முடிவுகளும் வெளிவந்தன. பாதரசக் கலவை வைத்த பிள்ளைகளின் சிறுநீரில் பாதரசம் சற்று அதிகமாய்த்தான் இருந்தது. அதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் புத்தி, ஞாபகம், நரம்பு ஆகியவைகளில் அந்தப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளுக்குக் குறைந்தவர்களாய்க் காணப்படவில்லை. லிஸ்பனில் பிசின் வைத்த பிள்ளைகளுக்குத்தான் பிறகு மறுபடியும் பல் வேலை செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றரை மடங்காய் இருந்தது.

கதை அதோடும் முடியவில்லை. சாது என்று எல்லோரும் நினைத்த வெள்ளைப் பிசினையும் விடாமல் பார்த்தார்கள். அமெரிக்கப் பிள்ளைகளின் கணக்கையே மறுபடி ஆராய்ந்து, ஒருவகைப் பிசின் அடைப்பு அதிகம் இருந்த பிள்ளைகளிடம் மன நிலையிலும் நடத்தையிலும் சிறிது குறைவு காணப்பட்டதாக 2012 இல் வெளியிட்டார்கள். இது ஒன்றைக் கொண்டு பிசினைக் குற்றவாளியாக்கிவிட முடியாது. ஆனால் வெள்ளையாய் இருப்பதனாலேயே நல்லது என்றும், பாதரசம் என்ற பேரைக் கேட்டதனாலேயே கெட்டது என்றும் தீர்ப்புச் சொல்லுகிறவர்களுக்கு இது நல்ல பாடமாகும்.

"அப்படியானால் பல தேசங்களில் அதை ஏன் நிறுத்துகிறார்கள்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பாதரசம் பூமியிலும் தண்ணீரிலும் சேருவதைக் குறைக்கவென்று 2013 இல் மினமாட்டா பெயராலேயே சர்வதேச ஒப்பந்தம் ஏற்பட்டது. இந்தியாவும் 2018 இல் அதை ஊர்ஜிதம் செய்தது. பல் வைத்தியசாலைச் சாக்கடையில் போவதும், பிணத்தைச் சுடும்போது புகையில் போவதும் கடைசியில் மீனுக்கும் மனிதனுக்கும் வந்து சேரும் என்பதே அதன் முக்கிய நியாயம். 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும், வைத்தியர் அவசியமென்று கருதினாலொழிய அதை வைக்கக் கூடாது என்று 2022 இல் அவ்வொப்பந்தத்தில் முடிவாயிற்று. ஐரோப்பிய யூனியன் 2025 ஜனவரி முதல் ஏறக்குறைய முற்றிலும் நிறுத்திவிட்டது. வேறு பொருள் கிடைக்கும்போது இதை விட்டுவிடுவது புத்திசாலித்தனமே. ஆனால் இதைச் சாக்காக வைத்து, பிள்ளையின் சொத்தைப் பல்லை அடைக்காமலே விடுவதும், வாயில் நன்றாய் இருக்கும் பழைய அடைப்புகளை "விஷம் எடுக்கிறேன்" என்று பெயர்த்துப் பணம் பறிப்பதும் புத்திசாலித்தனம் ஆகுமா? அடைப்பைப் பெயர்க்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் கிளம்புகிறது. அடைக்காத சொத்தையோ சீழ் வைத்து, பிள்ளையின் சாப்பாட்டையும் தூக்கத்தையும் படிப்பையும் சேர்த்துத் தின்கிறது.

ஆகவே தோழர்களே! வைத்தியரை நம்பாதீர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. கர்ப்பிணிக்கு உதிரம் கண்டால் கயிற்றுக்காரனிடம் போகாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருந்தாலும், பின் மாதங்களில் நஞ்சு வாய்ப்புறத்தை மறைத்திருந்தாலும் உயிருக்கே ஆபத்து. அதைக் கண்டு காப்பாற்றக் கூடியவர் வைத்தியரே. ஆனால் போன இடத்தில் கையைக் கட்டிக் கொண்டு நிற்காதீர்கள். "இந்த மருந்து எதற்காக? இது கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் ஒத்துப் பார்த்திருக்கிறார்களா? என்னைப் போன்றவளுக்கு எவ்வளவு பயன் கண்டது? வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குப் பின்னால் என்ன ஆகும்? ஒன்றும் கொடுக்காவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். யோக்கியமான வைத்தியர் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக் கொள்ள மாட்டார். கோபித்துக் கொள்ளுகிறவரிடம் பதில் இல்லை என்று தெரிந்து கொள்ளுங்கள். "வைத்தியர் பொல்லாதவர்" என்று வருகிற வதந்திக்காரனிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். அவன் நின்ற இடம் தெரியாமல் போய் விடுவான்.

எல்லாவற்றையும்விட முக்கியமாய், கரு கலைந்து படுத்திருக்கும் பெண்ணிடம் போய் "நீ என்ன செய்தாய்?" என்று கேட்காதீர்கள். அவள் ஒன்றும் செய்யவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க வேண்டியவர்களிடம் கேட்காமல், பதில் சொல்ல முடியாமல் படுத்திருப்பவளிடம் கேட்பது வீரமும் அல்ல, அறிவும் அல்ல, மனிதத் தன்மையும் அல்ல என்பதைக் கூறி இதை முடிக்கின்றோம்.